குப்பியில் வந்த மூளை ஏற்பி யாருடையது?

வாசகர் கேள்வி – பதில்

இரவு எட்டு மணிக்குக் குடித்த டிகாக்ஷன் காபி நள்ளிரவு வரை தூங்கவிடாமல் செய்வது ஏன் என்ற கேள்விக்குச் சென்ற மாதம் பதில் எழுதியிருந்தேன். மூளை உயிரணுக்களின் மேலிருந்து வேதிச் செய்திகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில், அடினோசினுக்கு உரியவற்றில் காஃபின் போய் அமர்ந்துகொண்டு, தூக்கத்தைத் தூண்டும் அடினோசினுக்கு இடம் தராமல் செய்வதே காரணம் என்று சொல்லி, இத்தகைய ஏற்பிப் புரதங்களை இப்போது மறுசேர்க்கை முறையில் (மரபணுவை வேறோர் உயிரணுவுக்குள் புகுத்தி) தயாரித்தே ஆராய்கிறார்கள் என்று ஒரு வரியுடன் முடித்திருந்தேன். காபியைப் பற்றி ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்தக் கடைசி வரியைப் பற்றியவை. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் பேத்தி தரமணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். "மனித மூளை ஏற்பி" என்று எழுதிய சிறு குப்பி ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொன்னாள். அது யாருடைய மூளை, அவர் வீட்டாரிடம் சம்மதம் கேட்டார்களா என்று விசாரித்தால் சிரிக்கிறாள். நான் கேட்டதில் என்ன தவறு? (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மயிலாப்பூர்)

தவறு ஒன்றும் இல்லை, அம்மா. அரை நூற்றாண்டுக்கு முன் கேட்டிருந்தால், யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். அன்று மூளை ஏற்பியை ஆராய விரும்பியவர்கள் எலியின் மூளையையோ, இறைச்சிக்கூடத்திலிருந்து வாங்கி வந்த மாட்டு மூளையையோ, பிணப் பரிசோதனையில் எடுத்த மனித மூளைத் துண்டையோ அரைத்து, அதில் மிகச் சொற்பமாக இருக்கும் ஏற்பியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மனித உறுப்பிலிருந்து புரதம் எடுப்பதில் ஆபத்தும் இருந்தது. இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுத்த வளர்ச்சி ஹார்மோனைக் குழந்தைகளுக்கு ஊசியாகப் போட்டுவந்த வழக்கம் 1985-இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அதைப் பெற்றவர்களில் சிலருக்கு மூளையை அரிக்கும் கொடிய நோய் தொற்றியது தெரியவந்ததே காரணம்.

மூளையை விட்டுவிட்டு வேறிடத்தில் ஏற்பியைத் தேடியவர்களும் உண்டு. மின்திருக்கை மீனின் மின்னுறுப்பில், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கடத்தும் அசிட்டைல்கொலினின் ஏற்பி ஏராளமாக நெருங்கிக் கிடக்கிறது. அந்த ஏற்பியை விடாப்பிடியாகப் பற்றிக்கொள்ளும் நஞ்சு ஒன்று, தைவானில் வாழும் ஒரு கட்டுவிரியன் இனத்தின் விஷத்திலிருந்து 1963-இல் பிரித்தெடுக்கப்பட்டது. மீனின் உறுப்பையும் பாம்பின் நஞ்சையும் சேர்த்துத்தான், ஏற்பி என்பது வெறும் கருத்தன்று, கையால் தொடக்கூடிய ஒரு புரதம் என்று 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார்கள். அந்த ஏற்பியின் மரபணுவைப் படியெடுத்து முதன்முதலில் முழுமையாகப் படித்த ஜப்பானியர் ஷோசாகு நூமாவின் குழுவும், 1982-இல், மின்திருக்கையிலிருந்தே தொடங்கியது.

இன்றைய குப்பியில் "மனித" என்ற சொல் குறிப்பது அமினோ அமிலங்களின் வரிசையை மட்டுமே. உங்கள் துறையிலிருந்தே உவமை சொல்கிறேன்: ஓலைச்சுவடியைப் படியெடுத்து அச்சிட்ட நூலில் சுவடியின் சொற்கள் அத்தனையும் இருக்கும், ஆனால் அந்தத் தாளில் பனையோலை துளியும் இருக்காது. அதுபோல, மனித மரபணுவின் வாசகத்தை டி.என்.ஏ.வாக வேதிமுறையில் தொகுத்தோ படியெடுத்தோ வேறோர் உயிரணுவுக்குள் புகுத்தினால், அந்த உயிரணு தன் சொந்தப் புரதங்களோடு இதையும் சேர்த்துச் செய்து தருகிறது. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் மனித இன்சுலினும் 1982 முதல் இவ்வாறு பாக்டீரியாவில் செய்து விற்பனைக்கு வந்ததே.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மனித ஏற்பிகளைச் செய்ய உலகெங்கும் பயன்படும் ஹெச்.ஈ.கே. 293 என்னும் உயிரணு வகை, 1973-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில், ஒரு மனிதக் கருவின் சிறுநீரகத் திசுவிலிருந்து உருவாக்கப்பட்டது. 293 என்பது அதைச் செய்தவரின் சோதனை எண். பேத்தியின் குப்பி இந்த வகை உயிரணுவில் விளைந்ததாக இருந்தால், சம்மதத்தைப் பற்றிய உங்கள் கேள்வி அந்த இடத்தில் பொருந்துகிறது. அவள் சிரிக்காமல் யோசிக்க வேண்டிய கேள்வி அது.

கேள்வி: இந்த ஏற்பிப் புரதத்தை மாத்திரையாகச் சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமா? மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறான். (ஆலந்தூர் வாசகர்)

கூடாது. துவரம்பருப்பிலுள்ள புரதத்துக்கு வயிற்றில் என்ன கதியோ அதே கதிதான் இதற்கும். அமினோ அமிலங்களாக உடைந்து சீரணமாகிவிடும். தப்பித்தவறி இரத்தத்தை அடைந்தாலும் மூளைக்குள் நுழைந்து, சரியான நரம்பணுவின் சரியான இடத்தில் தானே போய்ப் பொருந்திக்கொள்ள அதற்கு வழியில்லை. அக்குப்பிகளின் மேல் ஆய்வுக்கு மட்டுமே என்று அச்சிட்டிருப்பது வெறும் சம்பிரதாயம் அல்ல. மகனை இரவு பத்து மணிக்குப் படுக்க விடுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வுத் திட்டத்துக்கு ஒரு மூளை ஏற்பியின் மறுசேர்க்கைப் புரதம் வாங்க வேண்டும். ஒரே பெயரில் ஈ.கோலை, பூச்சி உயிரணு, ஹெச்.ஈ.கே. 293 என்று மூன்று வகை இருக்கின்றன. விலையில் பெரிய வேறுபாடு. வழிகாட்டி ஆசிரியர் மலிவானதையே வாங்கச் சொல்கிறார். சரியா? (முதுகலை மாணவர், கிண்டி)

உங்கள் ஆசிரியர் சொல்வது சில வேளைகளில் மிகச் சரி, சில வேளைகளில் பணத்தைக் கடலில் கரைப்பது. புரதத்தை வைத்து நீங்கள் எந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த வீண் செலவுகளில் பெரும்பாலானவை அந்தத் தாள் எழுதப்படாததால் வந்தவை.

ஏற்பி என்பது உயிரணுவின் சவ்வில் பதிந்து நிற்கும் புரதம். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று, சவ்வுக்குள் புதைந்த பகுதி ஒன்று, உள்ளே தொங்கும் பகுதி ஒன்று உண்டு. விற்பனைக்கு வரும் குப்பிகளில் பல, முழு ஏற்பியைக் கொண்டவை அல்ல. வெளிநீட்சியை மட்டும் வெட்டித் தயாரித்தவை. விவரத்தாளில் "இத்தனையாவது அமினோ அமிலம் முதல் இத்தனையாவது வரை" என்று ஒரு வரி இருக்கும். பெயரைப் பார்த்து வாங்குபவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை. உதாரணமாக, பி.டி.என்.எஃப். என்னும் நரம்பு வளர்ப்புக் காரணி வந்து ஒட்டும் டிராக் பி ஏற்பியின் வெளிப்பகுதியை வாங்கினால், அக்காரணி எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளக்கலாம். ஆனால் ஒட்டிய பின் ஏற்பியின் உட்பகுதியில் நடக்கும் பாஸ்பேட் ஏற்றத்தை (பாஸ்பேட் தொகுதிகள் வந்து ஒட்டுவதை) அளக்க முடியாது, ஏனென்றால் அந்தப் பகுதியே குப்பியில் இல்லை.

இனி உயிரணுவுக்கு வருவோம். ஈ.கோலை பாக்டீரியா விரைவாகப் பெருகும், செலவு குறைவு. ஆனால் மனித உயிரணு தன் புரதங்களின் மேல் கோத்துவிடும் சர்க்கரைச் சங்கிலிகளை அது கோக்காது. சிக்கலான புரதங்களைச் சரியாக மடிக்கத் தெரியாமல், வேலை செய்யாத உருண்டைகளாக உள்ளே குவித்தும் வைத்துவிடும். அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. நரம்புச் செய்தி கடத்தும் குளூட்டமேட் வந்து அமரும் ஆம்பா ஏற்பியின் பிடிபகுதியை மட்டும் ஈ.கோலையில் செய்து, உருண்டைகளைக் கரைத்து மீண்டும் மடியவைத்து, அதைப் படிகமாக்கி, அதன் முப்பரிமாண அமைப்பை 1998-இல் கண்டறிந்தார்கள். நரம்பியலில் பெரிய வெற்றிகளில் அது ஒன்று. சிறிய, தனித்து மடியும் பகுதி போதும் என்றாலும், எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) உண்டாக்க முயலுக்கு ஊசி போடுவதற்கு என்றாலும், உங்கள் ஆசிரியர் சொன்னதையே வாங்குங்கள்.

பூச்சி உயிரணு என்றால் எந்தப் பூச்சி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 2018-இல் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்து விவசாயிகளைக் கதறவைத்த அமெரிக்கப் படைப்புழுதான் அது. அதன் கூட்டுப்புழுவின் சூலகத் திசுவிலிருந்து 1977-இல் அமெரிக்காவில் பிரித்த உயிரணுக்களின் வழித்தோன்றலே விவரத்தாளில் நீங்கள் காணும் எஸ்.எஃப். 9. பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோ வைரஸில் மனித மரபணுவை ஏற்றி இந்த உயிரணுக்களுக்குத் தொற்றவைக்கிறார்கள். 27 டிகிரி வெப்பத்தில், கார்பன் டை ஆக்சைடு தராமலே வளரும். புரதத்தை நன்றாக மடிக்கும். சர்க்கரையும் கோக்கும், ஆனால் மனித உயிரணு கோப்பதைவிட எளிய, குட்டையான சங்கிலி. படைப்புழு மேல் நமக்குள்ள கோபம் நியாயமானது. ஆயினும் அமைப்பு அறியப்பட்ட மனித ஏற்பிகளில் கணிசமானவை அதன் உயிரணுக்களில் விளைந்தவை.

மனிதச் சர்க்கரையும் மனித மடிப்பும் முக்கியம் என்றால், அதாவது நோயாளியின் எதிர்ப்புரதம் ஒட்டுகிறதா, மருந்தாக வரப்போகும் எதிர்ப்புரதம் சரியான இடத்தைப் பிடிக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும் என்றால், ஹெச்.ஈ.கே. 293-க்கு விலை கொடுப்பதே சிக்கனம். புரதத்தை வாங்காமல் நீங்களே மரபணுவை ஏற்றித் தயாரிக்க எண்ணினால், வேலையைத் தொடங்கும் முன் கல்லூரியின் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் முன் திட்டத்தை வையுங்கள். 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி அது கட்டாயம்.

கேள்வி: வெளிப்பகுதி டிராக் பி புரதம் வாங்கினேன். கணக்குப்படி ஏறக்குறைய 44 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஜெல்லில் (எடை கூடினால் மேலே நிற்கும்படி புரதங்களைப் பிரிக்கும் கூழ்ப்படலத்தில்) ஓட்டிப் பார்த்தால் அதைவிட மிக மேலே, பரந்த பட்டையாக நிற்கிறது. விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்களா? (ஆய்வு மாணவி, தரமணி)

ஏமாற்றவில்லை. அந்த 44 என்பது அமினோ அமிலங்களின் எடையைக் கூட்டி வந்த கணக்கு. மனித உயிரணுவில் செய்த டிராக் பி-யின் வெளிப்பகுதியில் பல இடங்களில் சர்க்கரைச் சங்கிலி தொங்குகிறது. அது எடையைக் கூட்டுவதோடு, எல்லா மூலக்கூறுகளிலும் ஒரே அளவாக இல்லாததால் பட்டையைப் பரவவும் செய்கிறது. மூளையில் உள்ள முழு டிராக் பி-யின் கதையும் இதுவே: அமினோ அமிலக் கணக்கு 92 கிலோடால்டன், ஜெல்லில் ஏறக்குறைய 145. பரந்த பட்டையைக் கண்டால் நான் மகிழ்வேன். மனித உயிரணுவில் செய்தோம் என்று சொல்லி விற்ற புரதம் கூரிய பட்டையாக 44-இல் நின்றிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். ஐயம் தீரவில்லையென்றால், புரதத்தைக் கொதிக்கவைத்து, பி.என்.கேஸ் எஃப் என்னும் நொதியால் சர்க்கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பட்டை கீழே இறங்க வேண்டும். எதிர்ப்புரதத்தின் வால்பகுதியை ஒட்டிய வடிவமாக இருந்தால், இரண்டிரண்டாகப் பிணைந்து நிற்பதால், அந்தப் பிணைப்பை அறுக்கும் ஒடுக்கும் பொருள் சேர்க்காத ஜெல்லில் இரு மடங்கு உயரத்திலும் தெரியும்.

கேள்வி: மூளையின் செய்தி வேதிப்பொருளான டோபமினைப் பற்றும் டி2 ஏற்பியைத் தூளாக வாங்க முடியாது என்கிறார்களே, ஏன்? (மருந்தியல் விரிவுரையாளர், போரூர்)

டிராக் பி சவ்வை ஒரு முறை மட்டும் கடக்கிறது. வெளியே இருப்பதை வெட்டி எடுத்தாலும் அது தன் வடிவத்தில் நிற்கும். டி2 ஏற்பியோ, ஊசி நூல் துணியில் ஏறி இறங்குவதுபோல, சவ்வை ஏழு முறை கடக்கிறது. டோபமின் அமரும் குழியே அந்த ஏழு தண்டுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. கொழுப்புச் சவ்வை உருவிவிட்டால் தண்டுகள் சரிந்து குழி காணாமல் போய்விடும். அதனால் இந்த வகை ஏற்பிகளைப் பெரும்பாலும் உயிரணுவின் சவ்வுத் துணுக்குகளோடு சேர்த்து உறையவைத்தே தருகிறார்கள். கதிரியக்கக் குறியிட்ட மருந்தை அதோடு கலந்து, எவ்வளவு ஒட்டிற்று, எந்தப் புதுமருந்து அதைத் தள்ளிவிட்டது என்று எண்ணுகிறார்கள். உங்கள் மாணவர்களின் ஒட்டுச்சோதனைக்கு அதுவே போதும்.

சவ்விலிருந்து பிரித்தே ஆக வேண்டுமென்றால், சோப்புப் போன்ற மென்மையான கரைப்பான்களில் ஏற்பியைப் பொதிந்து, அசையாமல் பிடிக்க இன்னொரு புரதத்தை இடையில் ஒட்டி, இறுகப் பற்றும் மருந்து ஒன்றைக் குழிக்குள் வைத்து நிறுத்த வேண்டும். பிரையன் கோபில்காவும் சக ஆய்வாளர்களும் பீட்டா-2 அட்ரினலின் ஏற்பியின் படிக அமைப்பை 2007-இல் கண்டது அவ்வாறே. 2012-இல் வேதியியல் நோபல் பரிசை அவரும் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் அன்றாடம் எழுதப்படும் ரிஸ்பெரிடோன் மாத்திரை டி2 ஏற்பியின் குழிக்குள் எப்படி அமர்கிறது என்பது 2018-இல்தான் படமாகத் தெரிந்தது. அதற்குள் அம்மருந்து பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது.

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 19 வயது. சில வாரங்களாகத் தூக்கமின்றிப் பிதற்றினாள்; காற்று சேட்டை என்று தாயத்துக் கட்டினார்கள். வலிப்பு வந்த பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். முதுகில் நீர் எடுத்து "என்.எம்.டி.ஏ. ஏற்பி எதிர்ப்புரதம்" பார்த்தார்கள். செல் அடிப்படையிலான சோதனை என்று அறிக்கையில் இருக்கிறது. நீங்கள் எழுதியதும் இதுவும் ஒன்றா? (பெரம்பூர் வாசகி)

ஒன்றேதான், சகோதரி. என்.எம்.டி.ஏ. ஏற்பி நினைவுக்கும் கற்றலுக்கும் இன்றியமையாதது. உடலின் எதிர்ப்பாற்றல் சில வேளைகளில் தவறாக அந்த ஏற்பிக்கே எதிர்ப்புரதம் உண்டாக்கிவிடுகிறது. எதிர்ப்புரதம் ஒட்டியதும் நரம்பணு தன் மேற்பரப்பிலிருந்து ஏற்பிகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிதற்றல், வலிப்பு, வாய் கோணும் அசைவுகள் எல்லாம் அதன் விளைவு. ஜோசப் டல்மாவ் குழுவினர் 2007-இல் விவரித்த நோய் இது. அதற்கு முன் இத்தகைய இளம்பெண்களில் எத்தனை பேரைப் பைத்தியம் என்றும் பேய் என்றும் ஒதுக்கினார்களோ.

சோதனை நடக்கும் விதம் இது. மனித என்.எம்.டி.ஏ. ஏற்பியின் மரபணுவை ஹெச்.ஈ.கே. 293 உயிரணுக்களில் ஏற்றி, அவை ஏற்பியைத் தாங்கி நிற்கும்படி வளர்த்து, கண்ணாடித் தகட்டில் பதித்து வைக்கிறார்கள். நோயாளியின் முதுகுத் தண்டு நீரை அதன் மேல் விட்டால், எதிர்ப்புரதம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் பூட்டிய இரண்டாவது எதிர்ப்புரதம் அதைக் காட்டிக்கொடுக்கும். ஏற்பி இல்லாத உயிரணுக்களையும் பக்கத்தில் வைத்து, அவை ஒளிரவில்லை என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். சிறு குப்பியிலுள்ள பிரித்தெடுத்த புரதத்தை வைத்தே இதைச் செய்யக்கூடாதா என்று கேட்கலாம். நோயாளியின் எதிர்ப்புரதம் அறிவது ஏற்பியின் மடிந்த வடிவத்தை. வடிவம் குலைந்த புரதத்தை அது கண்டுகொள்ளாது. நோய் இருந்தும் இல்லை என்று அறிக்கை வந்துவிடும்.

இரத்தத்தைவிட முதுகு நீரில் பார்ப்பதே நம்பகமானது. மருத்துவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள். சூலகத்தில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னால் திகைக்க வேண்டாம். இளம்பெண்களில் இந்நோயை அத்தகைய கட்டி தூண்டுவது உண்டு, அதை எடுத்துவிட்டால் குணம் விரைகிறது. 577 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்று இரண்டு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதை அண்ணனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: மின்வெட்டில் எங்கள் ஃப்ரீசர் ஓர் இரவு முழுவதும் நின்றுவிட்டது. 100 மைக்ரோகிராம் ஏற்பிப் புரதக் குப்பி உள்ளே இருந்தது. தூக்கி எறிய வேண்டியதுதானா? (ஆய்வுக்கூட உதவியாளர், பெருங்குடி)

அது உலர்தூளாக இருந்ததா, கரைத்து வைத்ததா என்பதைப் பொறுத்தது. நீரை உறிஞ்சி உலர்த்திய நிலையில், டிரெஹலோஸ் சர்க்கரையோடு சேர்த்து வரும் புரதம் ஓர் இரவு அறைவெப்பத்தில் கிடந்ததால் பெரும்பாலும் கெடாது. விமானத்தில் பல நாள் அப்படியே பயணம் செய்து வருபவையும் உண்டு. கரைத்து வைத்ததென்றால், அதை நம்பிப் புதிய சோதனை தொடங்காதீர்கள். பழைய அளவீட்டை ஒரு முறை திரும்பச் செய்து, அதே ஒட்டும் திறன் வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கட்டடத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டருக்கு டீசல் தருவதாக ஒப்புக்கொண்ட ஆள் கடைசிவரை வரவில்லை. இரண்டு ஆண்டு உழைப்பு ஒரே குப்பியில் கரைசலாக இருந்தது. சிறு பங்குகளாகப் பிரித்து வைத்திருந்தால், சிலவற்றையாவது பக்கத்து ஆய்வுக்கூடத்தின் திரவ நைட்ரஜன் தொட்டியில் போட்டுக் காப்பாற்றியிருப்பேன். அன்றிலிருந்து என்னிடம் படித்த பிள்ளைகள் குப்பியைத் திறக்கும் நாளிலேயே ஒரு தடவைக்குத் தேவையான அளவாகப் பங்கிட்டு உறையவைத்துவிடுகிறார்கள். உறைந்து உருகும் ஒவ்வொரு முறையும் புரதத்தில் ஒரு பகுதி குலைந்துபோகிறது.

கரைக்கும்போது குப்பியைச் சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றி அடியில் படியவைக்கும் கருவியில்) ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திறக்க வேண்டும். 100 மைக்ரோகிராம் என்பது ஓர் அரிசி மணியின் எடையில் இருநூறில் ஒரு பங்குதான். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. காலிக் குப்பி என்று எண்ணி ஒரு மாணவர் குப்பைக்கூடையில் போட்டதை நானே பொறுக்கி எடுத்திருக்கிறேன். மிக நீர்த்த கரைசலில் புரதம் பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டி வீணாகும். அதைத் தடுக்க 0.1 சதவீத மாட்டு ஆல்புமின் சேர்ப்பது வழக்கம், ஆனால் அந்த ஆல்புமின் உங்கள் சோதனையில் குறுக்கிடுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். வேகமாகக் குலுக்கி நுரை எழுப்பக் கூடாது. பனி படியாமல் தானே கரைத்துக்கொள்ளும் வீட்டு ஃப்ரிட்ஜில் இவற்றை வைக்கவே வேண்டாம். பனியைக் கரைக்க அது அடிக்கடி தன்னைச் சூடாக்கிக்கொள்கிறது, உங்கள் குப்பியும் கூடவே சூடாகும். எத்தனை முறை உருகியது என்பதை மூடியின் மேலேயே அழியாத மையில் கோடு போட்டுக் கணக்கு வையுங்கள். இரண்டாவது கோடு விழுந்த குப்பியை நான் அளவீட்டுக்கு எடுப்பதில்லை.